முப்பது ஆம்ப் குடித்தனம்

"கரண்ட் போயிடுச்சுங்கிற. அப்புறம் லைட்டு மட்டும் எப்படிடா எரியுது?"

அம்மா கேட்ட கேள்வி இது. மதுரையிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். ஜூலை மாதம். டெக்சஸ் மாநிலத்தின் ஹில் கன்ட்ரி பகுதியில், ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு கேம்ப்கிரவுண்டில் எங்கள் ட்ராவல் ட்ரெய்லரை நிறுத்தியிருந்தோம். பொழுது சாய்ந்த பிறகும் 38 டிகிரி வெக்கை. கூரையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. குளிப்பதற்காக வெந்நீர் ஹீட்டரைப் போட்டுவைத்திருந்தேன். அம்மா மத்தியானத்துச் சாம்பாரைச் சூடுபண்ண மைக்ரோவேவின் பட்டனைத் தட்டினார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, 'டப்' என்று ஒரு சத்தம். ஏசி அடங்கிப்போனது. மைக்ரோவேவ் நின்றது. ஆனால் தலைக்கு மேலே விளக்குகள் எதுவும் நடக்காததுபோல எரிந்தன. குழாயைத் திறந்தால் பம்ப் ஓடித் தண்ணீரும் வந்தது.

ட்ரெய்லர் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அம்மாவின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இங்கே ட்ரெய்லர் வாங்குகிறவரைக் கடையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டுவார்கள். கழிவுநீர்த் தொட்டியை எப்படித் திறப்பது, பந்தலை எப்படி விரிப்பது, வண்டியோடு எப்படிக் கொக்கி மாட்டுவது என்று பொறுமையாகச் சொல்வார்கள். மின்சாரத்துக்கு மட்டும் "இந்தக் கேபிளைச் செருகினால் போதும்" என்ற ஒரு வரிதான் எனக்குக் கிடைத்தது. குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு மழையிலும் பனியிலும் போய் நிற்கப்போகிற ஒரு வீட்டுக்கு அந்த ஒரு வரி எப்படிப் போதும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்று பக்கத்து சைட்டில் தங்கியிருந்த ஒரு பெரியவர், எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டார்ச் விளக்கோடு வந்தார். ட்ரெய்லருக்குள் மேஜைக்கு அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். இடது பக்கம் பிரேக்கர்கள், வலது பக்கம் கார்களில் இருப்பதுபோன்ற வண்ண வண்ண ஃப்யூஸ்கள். "இது ஒரு வீடு இல்லை, இரண்டு வீடு" என்றார்.

ஒரே கூரையில் இரண்டு மின்சாரம்

முதல் வீடு 120 வோல்ட்டில் நடக்கிறது. அமெரிக்க வீடுகளின் சுவர் பாயின்ட்டில் வருகிற அதே மின்சாரம். கேம்ப்கிரவுண்டில் ஒவ்வொரு சைட்டுக்கும் இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்பெட்டி நட்டிருப்பார்கள். அதற்குப் பெடஸ்டல் என்று பெயர். அதிலிருந்து விரல் தடிமனான கேபிள் வழியாக இழுத்துக்கொள்கிற மின்சாரத்தை ஷோர் பவர் என்கிறார்கள். படகுக்காரர்களின் சொல் அது. கரைக்கு வந்த படகு துறையிலிருந்து கரண்ட் வாங்குவதுபோல, நின்ற ட்ரெய்லர் பெடஸ்டலிலிருந்து வாங்குகிறது. ஏசி, மைக்ரோவேவ், வெந்நீர் ஹீட்டரின் காயில், சுவர் பாயின்ட்டுகள் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

இரண்டாவது வீடு 12 வோல்ட் டிசி. ட்ரெய்லரின் முன்மூக்கில், கொக்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பேட்டரிதான் அதற்குத் தலைவர். விளக்கு, தண்ணீர் பம்ப், குளிர்காலத்தில் கேஸ் ஹீட்டரின் காற்றாடி, கேஸ் கசிவைச் சொல்லும் கருவி, ஃப்ரிட்ஜின் மூளைப் பலகை எல்லாம் இதில் ஓடுகின்றன. இரண்டு வீட்டுக்கும் நடுவே கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி. வெளியே கரண்ட் இருக்கும்வரை 120 வோல்ட்டை 12 ஆக்கி விளக்குகளையும் நடத்தி, பேட்டரியையும் நிரப்பிக்கொண்டிருக்கும். அன்று பிரேக்கர் விழுந்த நொடியில் கன்வெர்ட்டர் ஒதுங்க, பேட்டரி பொறுப்பேற்றுக்கொண்டது. அம்மாவின் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மின்வெட்டுக்காலத்தில் வீட்டு இன்வெர்ட்டரோடு குடித்தனம் நடத்தியவர் அவர். நான் பாதி சொல்லும்போதே தலையாட்டிவிட்டார்.

அம்மா போட்ட கணக்கு

எங்கள் ட்ரெய்லரின் பிளக் 30 ஆம்பியர் கொள்ளளவு கொண்டது. 30 ஆம்ப், 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். அமெரிக்காவில் இப்போது கட்டுகிற தனி வீடுகளுக்குச் சாதாரணமாக வருவது 200 ஆம்ப், அதுவும் 240 வோல்ட்டில், அதாவது 48,000 வாட். அந்த வீட்டில் பழகிய கை ட்ரெய்லருக்குள்ளும் அதே தாராளத்தோடு சுவிட்சுகளைத் தட்டுகிறது. பதின்மூன்றில் ஒரு பங்குதான் இங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரிவதில்லை.

அன்றைய கணக்கைப் பெரியவர் ஒரு காகிதத் தட்டின் பின்புறம் எழுதிக் காட்டினார். 13,500 பிடியு ஏசி, அந்த வெயிலில் 14 ஆம்ப். வெந்நீர் ஹீட்டர் 12. பேட்டரியை நிரப்பிக்கொண்டிருந்த கன்வெர்ட்டர் 3. ஆக 29. விளிம்பில் நின்றிருக்கிறோம், தெரியவே இல்லை. மைக்ரோவேவ் 13 ஆம்ப் கேட்டது. 1,000 வாட் என்று அதன் முகத்தில் எழுதியிருப்பது உணவுக்குள் போகும் அளவு. சுவரிலிருந்து அது இழுப்பது 1,500 வாட்டை ஒட்டி வரும். மொத்தம் 42.

42 வந்த உடனே பிரேக்கர் ஏன் விழவில்லை, இரண்டு நிமிஷம் ஏன் காத்திருந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம். பிரேக்கருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. மின்னோட்டம் கூடினால் சூடேறி, இரண்டும் வேறுவேறு அளவில் விரிவதால் பட்டை மெல்ல வளையும். வளைந்து போதுமான தூரம் வந்ததும் கொக்கி விடுபடும். வயர் உருகுமளவுக்கு ஷார்ட் ஆனால் வேறு கதை, அதற்கென்று உள்ளே இருக்கும் மின்காந்தம் கண்ணிமைப்பதற்குள் இழுத்துவிடும். ஆனால் கொஞ்சம் கூடுதலான லோடுக்கு வேலை செய்வது அந்தச் சூடான பட்டைதான். அதனால்தான் நாளெல்லாம் வெயிலில் காய்ந்த பெடஸ்டலில், மணிக்கணக்காக ஏசியைச் சுமந்த பிரேக்கர் சீக்கிரம் விழுகிறது. அமெரிக்க மின்விதிகளின் பொதுவான கணக்கில், மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் லோடு பிரேக்கர் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முப்பதுக்கு அது 24. கையில் இருப்பது முப்பது என்றாலும், நாள் முழுக்கச் செலவழிக்கக்கூடியது 24 தான்.

மறுநாள் காலை அம்மா அந்தக் காகிதத் தட்டை மைக்ரோவேவுக்கு மேலே ஒட்டிவைத்தார். வெந்நீர் ஹீட்டர் கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் என்று தெரிந்ததும் வெயில் நாளில் அதைக் கேஸுக்கு மாற்றச் சொன்னார். ஃப்ரிட்ஜும் அப்படியே. காபிக்குத் தண்ணீர் கெட்டிலில் கொதிக்க வேண்டாம், அடுப்பில் கொதிக்கட்டும். குக்கரில் சாதம் வைத்தால் 6 ஆம்ப், ஏசியோடு சேர்த்தால் இருபது, பரவாயில்லை. இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15, அதைத் தொடவேண்டாம். மாதச் சம்பளத்தில் வீடு நடத்திய கைக்கு இதெல்லாம் புதிதில்லை. ஒரு நாளில் அவர் பிடித்துக்கொண்டதை நான் இரண்டு வருஷமாகப் பிடிக்கவில்லை.

பெரிய ட்ரெய்லர்களுக்கு 50 ஆம்ப் இணைப்பு உண்டு. முப்பதைவிட இருபது அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அதில் இரண்டு தனித்தனி லைன்கள், ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப். 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். அதில் இருப்பவர்கள் கணக்குப் பார்க்காமல் வாழலாம், கிட்டத்தட்ட. ஆனால் அந்த இரண்டு லைனுக்குப் பின்னால் ஓர் ஆபத்து இருக்கிறது.

பிரேக்கர் யாருக்குக் காவல்?

அன்றிரவு பெரியவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். "பிரேக்கர் விழுந்ததற்குச் சந்தோஷப்படுங்கள். அது வயருக்குக் காவல். உங்களுக்கும் உங்கள் ஏசிக்கும் யார் காவல்?"

ஏசியிலிருந்து தொடங்குவோம். விடுமுறை வாரத்தில் நூறு ட்ரெய்லர்களும் ஒரே நேரத்தில் ஏசி போட்டால், வரிசையின் கடைசிப் பெடஸ்டலுக்கு 120 வோல்ட் வந்து சேராது. 110 வரும், 105 வரும். நம் ஊர்க் கோடைமாலைகளில் ஃபேன் தேய்ந்து சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு லோ வோல்டேஜ் தெரியும். ஆனால் பல்பு மங்குவதும் கம்ப்ரெஸர் மோட்டார் தவிப்பதும் ஒன்றல்ல. வோல்ட் குறையும்போது பல்பு குறைவாக எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். கம்ப்ரெஸர் தன் வேலையைச் செய்தாகவேண்டும் என்பதால் ஆம்பைக் கூட்டி இழுக்கும், காயில் சூடேறும், இன்சுலேஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். அந்தக் கூடுதல் ஒன்றிரண்டு ஆம்பைப் பிரேக்கர் கண்டுகொள்ளாது. அடுத்த வருஷம் வேறெங்கோ ஏசி நிற்கும்போது இந்த மாலை யாருக்கும் நினைவிருக்காது.

இதற்குக் கேபிளுக்கும் பெடஸ்டலுக்கும் நடுவே மாட்டுகிற ஒரு பாதுகாப்புப் பெட்டி கிடைக்கிறது. இஎம்எஸ் என்பார்கள். பரவலாக விற்கும் வகைகள் 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132க்கு மேலே போனாலும் லைனைத் துண்டித்துவிடும். சரியான பிறகும் கம்ப்ரெஸருக்கு அழுத்தம் இறங்க அவகாசம் கொடுத்து, அதன் பிறகே மறுபடி சேர்க்கும். ஃப்ரிட்ஜுக்கு நாம் மாட்டிவந்த ஸ்டெபிலைசரின் டைம் டிலே இதற்குத்தான். எர்த் இருக்கிறதா, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகே உள்ளே விடும். எத்தனையோ அலங்காரங்களோடு வருகிற ட்ரெய்லர்களில் இதைப் பெரும்பாலும் நாமே வாங்கி மாட்டவேண்டியிருக்கிறது. தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரவேண்டியது இது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது பிளக். ஒரு கேம்ப்கிரவுண்ட் பாயின்ட்டில் வருஷத்துக்கு எத்தனையோ பேர் செருகிப் பிடுங்குகிறார்கள். உள்ளே பிடிப்புத் தளர்ந்துபோகும், பித்தளையில் களிம்பேறும். அந்தத் தளர்ந்த இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 25 ஆம்ப் ஓடினால் அங்கே பிறக்கும் வெப்பம் 62 வாட்டுக்கு மேல். ரேடியோக் கடையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்கே பெரும்பாலும் அவ்வளவு வராது. ஒரு சுண்டுவிரல் அகல உலோகத்தில், பிளாஸ்டிக்குக்குள், இரவு முழுக்க. இதிலும் பிரேக்கருக்கு வேலையில்லை, ஓடுவது 25 தானே. பிளக் பழுப்பேறிய ட்ரெய்லர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். ஏசி போட்டு அரை மணி கழித்துப் பிளக்கின் ரப்பர் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பெடஸ்டல் பிரேக்கரை அணைத்துவிட்டு வேறு சைட் கேளுங்கள். நண்பர் வீட்டு வாசலில் நிறுத்தி, சாதாரண 15 ஆம்ப் பாயின்ட்டிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் அடாப்டர் போட்டு ஏசி ஓட்டுகிறவர்களுக்கும் இதே சங்கதிதான். 30 ஆம்ப் கேபிளுக்குள் இருப்பது 10 கேஜ் செம்பு. அந்த மெல்லிய வயர்களில் பல 16 கேஜ்.

என் நண்பர் ஒருவருக்கு நடந்தது இன்னும் மோசம். ட்ரெய்லரை வீட்டிலேயே நிறுத்த வசதியாக, ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து 30 ஆம்ப் பாயின்ட் வைத்தார். இங்கே வீடுகளில் துணி உலர்த்தும் ட்ரையருக்கும் 30 ஆம்ப் பாயின்ட்தான், பார்வைக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அது 240 வோல்ட். வந்தவர் கைப்பழக்கத்தில் ட்ரையருக்குக் கொடுப்பதுபோலவே வயரைக் கொடுத்துவிட்டார். செருகிய சில நொடிகளில் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், டிவி, ஏசியின் பலகை எல்லாம் போயின. பிரேக்கர் விழவில்லை. வயரைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதல் தடவை செருகுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை வைத்து 120 வருகிறதா என்று பார்த்திருந்தால் தப்பியிருக்கும்.

50 ஆம்ப் இணைப்பின் ஆபத்தும் இதற்குச் சொந்தம்தான். இரண்டு லைனுக்கும் பொதுவான நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், இரண்டு பக்கத்துச் சாதனங்களும் 240 வோல்ட்டுக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும். லோடு அதிகமான பக்கம் பட்டினி கிடக்க, லோடு குறைந்த பக்கம் 200க்கு மேல் ஏறலாம். தெருவில் நியூட்ரல் கட்டாகி வரிசையாக டிவியும் ஃப்ரிட்ஜும் எரிந்த கதை நம் ஊரில் எந்தத் தெருவில் இல்லை?

மழை நின்ற பிறகு ஒரு கதவு

பொருள் போனால் வாங்கலாம். ட்ரெய்லரில் நான் உண்மையாகப் பயப்படுவது வேறு ஒன்றுக்கு.

ட்ரெய்லர் ரப்பர் டயரின் மேல் நிற்கிற ஓர் இரும்புச் சட்டம். தரையோடு அதற்குத் தொடர்பில்லை. கேபிளில் வரும் எர்த் வயர்தான் ஒரே தொடர்பு. பெடஸ்டலில் அந்த எர்த் துண்டாகியிருந்து, உள்ளே ஏதாவது ஒரு ஹீட்டர் காயில் லேசாகக் கசிந்தால், சட்டம், கதவு, படி, கைப்பிடி எல்லாம் உயிர் லைன் ஆகிவிடும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, அவரும் அதோடு சேர்ந்தே மிதக்கிறார், கரண்ட் கம்பியில் உட்கார்ந்த காக்கைபோல. மழை நின்று, ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடிவந்து கதவைப் பிடிக்கிற குழந்தைக்குத்தான் அது பாயும். இதை இங்கே ஹாட் ஸ்கின் என்கிறார்கள்.

எண்களைப் பாருங்கள். 30 மில்லி ஆம்ப் நெஞ்சைக் கடந்துபோனாலே உயிருக்கு ஆபத்து. கரண்ட் கசிந்தால் துண்டிக்க நம் ஊர் வீடுகளில் மாட்டும் ஆர்சிசிபி அந்த அளவில்தான் விழுகிறது. அதே வேலையைச் செய்யும் அமெரிக்காவின் ஜிஎஃப்சிஐ 5 மில்லி ஆம்பிலேயே விழும். பிரேக்கரோ 30 ஆம்ப் வரை பேசாமல் இருக்கும். ஆயிரம் மடங்கு. சமையல் மேடைக்கும் குளியலறைக்கும் பக்கத்துப் பாயின்ட்டுகளில் ஜிஎஃப்சிஐ இருக்கிறது, நல்லது. ஆனால் பெடஸ்டலின் 30 ஆம்ப் பாயின்ட்டில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கேபிளைச் செருகி பிரேக்கரைப் போட்டதும் யாரும் ட்ரெய்லரைத் தொடக்கூடாது. வயரைத் தொடாமலே கரண்ட்டைக் காட்டுகிற பேனா டெஸ்டரைக் கதவுப் பக்கம் கொண்டுபோவேன். அது ஒலிக்கவில்லை என்றால்தான் உள்ளே. கதவைப் பிடிக்கையில் லேசாகச் சுள்ளென்று இருந்தது என்று யாராவது சொன்னால், "ஈரம், அதான்" என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சுள் நாளைக்குப் பெரிதாகலாம். அந்த நிமிஷமே பெடஸ்டல் பிரேக்கரை அணைக்கவேண்டும், கேபிளைப் பிடுங்கவேண்டும்.

கம்பி வராத இடத்தில்

பெடஸ்டல் இல்லாத இடங்களும் உண்டு, அமெரிக்காவின் அழகான இடங்களில் பல அவைதான். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் கரண்ட் கிடையாது. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் ட்ரெய்லர் வில்லேஜில் கரண்ட் உண்டு, பக்கத்திலேயே இருக்கும் மேத்தர் கேம்ப்கிரவுண்டில் இல்லை. மேத்தரில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. அக்டோபர், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம், இரவில் பனி உறையும் குளிர்.

ஹீட்டர் கேஸில் எரிவது, அதனால் கவலையில்லை என்று இருந்துவிட்டேன். வெப்பத்தை உள்ளே தள்ளும் காற்றாடி பேட்டரியில் ஓடுகிறது, 7 ஆம்ப். பாதி நேரம் ஓடினால் பத்து மணி நேரத்தில் 35 ஆம்ப்-அவர். என் ஈயப் பேட்டரி 75 ஆம்ப்-அவர்; அதிலும் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் தேயும். அதாவது என் பேட்டரிக்கு அந்த இரவு ஒன்றே முழுச் சம்பளம். விளக்கும் பம்பும் கேஸ் டிடெக்டரும் அதற்கு மேல். அதிகாலை நான்கு மணிக்குக் காற்றாடி முனகி நின்றது. அம்மாவுக்கு எல்லாப் போர்வைகளையும் போர்த்திவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இரவில் ஜெனரேட்டர் ஓட்ட அங்கே அனுமதியில்லை.

இந்த 12 வோல்ட் வீட்டைப் பற்றி நன்றாகப் புரிந்துகொள்ளவேண்டியது ஒன்று. வாட் மாறாமல் வோல்ட் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஆம்ப் பத்து மடங்காகும். சுவரிலிருந்து 13 ஆம்ப் எடுக்கும் அதே மைக்ரோவேவை இன்வெர்ட்டர் வைத்துப் பேட்டரியில் ஓட்டினால், இழப்பும் சேர்த்து 140 ஆம்ப் வரை இழுக்கும். அதற்குக் கட்டைவிரல் பருமன் கேபிள் வேண்டும், பேட்டரி முனையிலேயே பெரிய ஃப்யூஸ் வேண்டும். "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்பது உண்மை. தீப்பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லை. இன்னொன்று: பல ட்ரெய்லர்களில் பேட்டரிக்கு வரும் கறுப்பு வயர்தான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார்ப் பழக்கத்தில் கறுப்பை நெகட்டிவ்வில் மாட்டினால் கன்வெர்ட்டரின் ஃப்யூஸ்கள் அந்தக் கணமே போகும்.

அந்த இரவுக்குப் பிறகு லித்தியம் பேட்டரிக்கு மாறினேன். 100 ஆம்ப்-அவர் என்றால் ஏறத்தாழ அவ்வளவையும் எடுக்கலாம். பழைய கன்வெர்ட்டரையும் அதற்கேற்றதாக மாற்றவேண்டியிருந்தது. நீர் உறையும் குளிரில் லித்தியத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது என்பதால் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்தேன். கூரையில் 200 வாட் சோலார். நல்ல வெயில் நாளில் அது அறுபது ஆம்ப்-அவருக்கு மேல் திருப்பித் தருகிறது. அதை வைத்து ஏசி ஓட்ட முடியாது. ஏசி அந்தப் பேட்டரியை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். ஆனால் காற்றாடி இரவு முழுக்க ஓடும், அம்மா தூங்குவார். எனக்கு அது போதும். பேட்டரிக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது: ஓடும்போது ட்ரெய்லர் கொக்கி கழன்று தனியே போனால், அதன் பிரேக்கைப் பிடிப்பது அந்தப் பேட்டரிதான். செத்த பேட்டரியோடு நெடுஞ்சாலைக்கு வரக்கூடாது.

ஹில் கன்ட்ரியிலிருந்து கிளம்பிய காலையில் பெரியவர் சொல்லிக்கொடுத்த வரிசையில் எல்லாவற்றையும் அணைத்தோம். முதலில் ஏசி, பிறகு உள்ளே மெயின், பிறகு பெடஸ்டல் பிரேக்கர், கடைசியில்தான் பிளக். லோடோடு பிடுங்கினால் பொறி பறந்து பித்தளை அரிக்கும். பிளக்கின் முனைகளைத் துடைத்துப் பார்த்தேன், மஞ்சளாகவே இருந்தன. கேபிளைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா பெடஸ்டலின் மூடியைத் திறந்து பிரேக்கர் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதைத் திருப்பிப் போட்டுடவாடா?" என்றார்.

"வேண்டாம்மா. அடுத்து வர்றவங்க செருகும்போது அணைஞ்சிருக்கட்டும்."

மூடியை அழுத்திச் சாத்திவிட்டு வந்து வண்டியில் ஏறினார்.